புள்ளியை வெட்டிய புதிய பதிப்பு

எங்கள் புள்ளியை வெட்டியது நீங்கள்தான். கம்ப்யூட்டர் திரையில் பட்டன், பட்டியல், எழுத்து எல்லாம் வரைந்து தரும் மென்பொருள் கட்டமைப்பைச் செய்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

தென்னூரில் உட்கார்ந்து உங்கள் கட்டமைப்பில் ஒரு புரோகிராம் எழுதினேன். கல்யாணப் பந்தியில் என்னென்ன பரிமாறுகிறார்கள் என்று வாசலில் பெரிய திரையில் காட்டும். அதை வாங்கிய ஒரே ஆள் ஸ்ரீரங்கத்துச் சமையல் காண்ட்ராக்டர். பழைய பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை என்று மிரட்டினீர்கள். புதியதுக்கு மாற்றி, ஒரு முகூர்த்தக் காலையில் கொண்டுபோய் மாட்டினேன்.

புதியதில் வரியின் உயரத்தைக் குறைத்திருக்கிறீர்கள். இங்கிலீஷுக்கு ஒன்றும் ஆகாது. தமிழில் எழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி மொத்தமும் போச்சு. அவல் பாயசம் போடும் கல்யாணத்தில் திரை சொன்னது: ‘அவல பாயசம’.

பாயசத்தைக்கூடத் திருக்கண்ணமுது என்று மங்கலமாகச் சொல்கிற வைணவ வீடு அது. மாப்பிள்ளையின் மாமா கொதித்தார். “என்ன ஓய், எங்காத்துப் பிள்ளை கல்யாணத்துல அவலமா?”

“குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கோ மாமா” என்றார் காண்ட்ராக்டர். என் பக்கம் திரும்பியதும் குரல் மாறியது. “முதல் பந்திக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா இதைக் கழட்டிண்டு போ. எனக்குக் கரும்பலகை போதும்.”

எழுத்தைப் பெரிதாக்கினேன். அவலம்தான் பெரிதானது.

“இப்பத் தெருவுக்கே தெரியறது” என்றார் மாமா.

வரி உயரத்தை மாற்றும் பழைய கட்டளையைத் தேடினேன். அதையும் தூக்கிவிட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒவ்வொரு பெயருக்கும் மேலே ஒரு வெற்று வரியைச் செருகினேன். வெட்டு அதன்மேல் விழுந்தது, புள்ளிகள் வந்தன. ஆனால் பட்டியல் நீண்டு, பாதி திரைக்குக் கீழே போய்விட்டது.

“அப்பளம் கிடையாதா ஓய்?”

“திரையிலதான் இல்லை மாமா, இலையில விழும்” என்றார் காண்ட்ராக்டர்.

மாமாவே சிரித்துவிட்டார். இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கினார். காண்ட்ராக்டர் திரையைக் கழற்றச் சொல்லவில்லை. “இன்னொரு தரம் அப்டேட் கிப்டேட்னு வந்தே, கரண்டியாலயே போடுவேன்” என்றதோடு சரி. என் ஒரே வாடிக்கையாளர் கைநழுவவில்லை. நானும் பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் பொதுப் பக்கத்தில் படத்தோடு புகார் போட்டேன். ‘பிழை அல்ல, வடிவமைப்பு முடிவு’ என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டீர்கள். யார் எடுத்த முடிவு? எழுத்துக்கு மேலே குறி போடும் ஒரு மொழியிலாவது ஓட்டிப் பார்த்தீர்களா? எனக்குத் தனியாக மெயில் அனுப்ப வேண்டாம். அந்தப் புகாரைத் திரும்பத் திறந்து, எல்லாரும் படிக்கிற மாதிரி அங்கேயே பதில் சொல்லுங்கள்.