மாத்திரையா, நடையா

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, காக்களூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். பேக்கிங் பிரிவில் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, தூக்கம் காணாத கண்கள். தோளில் எது பட்டாலும் வலிக்கும் என்று சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடிதான் வருவாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதியிருந்தது; உடம்பு முழுக்க தீராமல் வலிக்கும் நோயாம்.

"மாத்திரை போட்டா தூக்கம் வருது மேடம், ஆனா காலைல தலை சுத்துது. தினம் காலைல நடந்து எக்சர்சைஸ் செஞ்சா மெதுவா கொறையும்னு டாக்டரம்மா சொல்றாங்கோ. எனக்கு அதான் ஒத்துக்குது. காலை ஷிப்ட மட்டும் மாத்தி மத்தியான ஷிப்ட் குடுங்க."

"டெஸ்ட்டெல்லாம் நார்மல்னு எழுதிக்கீது. அப்புறம் இன்னா வலி?" என்று அவள் தோளில் விரலால் அழுத்தினேன். துடித்துப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மாத்திரையே போட்டுக்கோ, போ."

போட்டுக்கொண்டாள். பத்தாம் நாள் வேலை நேரத்தில் கண்ணயர்ந்தவளை நானே பிடித்து, மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்து வேலையை விட்டு அனுப்பினேன்.

கேட்டருகே நின்று, "நீங்க சொன்னதத்தான் மேடம் முழுங்குனேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஏன் இல்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.