சைக்கிள்காரர்களை நம்பாத மார்செலின்

மார்செலின் ஃபோஜெரா திருடனைக்கூட நம்பிவிடுவான், சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களை நம்பமாட்டான். கார் என்றால் மலை வளைவிலேயே சத்தம் கேட்டுவிடும். சைக்கிள் பேசாமல் வரும், காட்டுக்குள் எந்தச் சந்திலும் நுழையும். போதாக்குறைக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பைகள் வேறு.

"அந்தப் பைக்குள்ள என்ன இருக்கும்னு நினைக்கிற? துணியா? ஒரு மனுஷனுக்கு எதுக்கு அவ்வளவு துணி?" என்று என்னிடம் கேட்பான்.

நான் என்ன சொல்வது? ஆற்றோரம் பயணிகள் கூடாரம் போட்டுத் தங்கும் ஊராட்சித் திடலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தனியாக இருக்கிறவள் நான், அந்தச் சைக்கிள்காரர்கள் வந்தால்தான் எனக்குப் பேச்சுத்துணை. மார்செலின் என் அடுத்த வீட்டுக்காரன். எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான், அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.

அவனுக்குப் பயமெல்லாம் காட்டில் மரத்தடியில் முளைக்கும் அருமையான செப் காளானைப் பற்றித்தான். செப்டம்பரில் நல்ல மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், எங்கள் ஊரான லா வெர்ஞோலில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருவனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், அவன் மனைவி ஏன் ஓடிப்போனாள் என்றும் கேட்கலாம். காளானை எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் பொய்தான் வரும், அந்தப் பொய்யை யாரும் பாவத்தில் சேர்ப்பதில்லை. பழைய பாதிரியாரே புளுகியிருக்கிறார்.

ஆனால் மார்செலின் அளவுக்கு யாரும் போனதில்லை. வேனைக் குளத்தருகே நிறுத்திவிட்டு, குளத்துக்கு நேரெதிர்த் திசையில் நடப்பான். அடுத்த நாள் வேன் கல்லறைக்குப் பின்னால் நிற்கும். செல்போன் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அதை ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்புவான். கூடை நிறையக் கிடைத்த நாளில் மேலே பெரணி இலையைப் பரப்பி, இழவு வீட்டிலிருந்து வருகிறவன்போல மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். சைக்கிள்காரர்கள் வழி கேட்டால் "பாலம் இடிஞ்சுபோச்சு" என்று சொல்லி மேட்டுப் பாதைக்குத் திருப்பிவிடுவான். பாலம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. ஒரு பெல்ஜியக்காரர் மூச்சு வாங்க மலையைச் சுற்றி வந்து, என்னைப் பிடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

கெட்டவன் இல்லை. வேலையில் இருந்தவரை ஊராட்சிச் சாலைகளை எல்லாம் அவன்தான் பராமரித்தான். புயலில் என் கூரை ஓடுகள் பறந்தபோது, கூப்பிடாமலே ஏணியோடு வந்து நின்றான். இலையுதிர் காலத்தில் மட்டும் அவனுக்குள் வேறொருவன் புகுந்துகொள்வான்.

அவன் மனைவி அர்லெத் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவன் கொண்டுவரும் காளானை மண் தட்டித் துடைத்து, பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்குவாள். மிச்சத்தை நறுக்கி நூலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை இடத்தைக் கேட்டிருக்கிறாள். "அந்தப் பக்கம்" என்று கையை வீசினானாம். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

"பின்னாடியே போய்ப் பார்த்திருந்தா முதல் வருஷமே கண்டுபிடிச்சிருப்பேன். அவனா ஒருநாள் சொல்லுவான்னு இருக்கேன்" என்றாள் என்னிடம்.

அந்த வருடம் ஹாலந்திலிருந்து ஃபெம்கே, ஷூர்ட் என்று ஒரு ஜோடி வந்து கூடாரம் போட்டது. ஷூர்ட்டின் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு வண்டி, அதில் அவர்களுடைய கிழட்டு நாய் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மார்செலின் குழாயைச் சரிபார்க்க வந்தவன்போல வந்தான். குழாயில் ஒரு கோளாறும் இல்லை.

"அந்த வண்டி எதுக்கு?" என்றான் என் காதருகே.

"நாய்க்குய்யா. அதுக்கு இடுப்பு வலி."

"நாய்க்கு இடுப்பு வலியாம்! மோப்பம் பிடிக்கத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்க. காளானை அள்ளிப் போடத்தான் வண்டி. நீ ரொம்ப வெகுளி, ஜினெத்."

ஃபெம்கே சிரித்த முகத்தோடு அவனிடம் காட்டுப் பாதையைப் பற்றிக் கேட்டாள். பாலம் இடிந்துவிட்டது என்றான். "இல்லையே, இப்பத்தான் அது மேல வந்தோம்" என்றாள் அவள். மார்செலின் நடையைக் கட்டினான்.

மறுநாள் காலை காட்டுக்குப் போனவன் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாப்பாட்டைத் தவறவிடுகிற ஆள் இல்லை அவன். அர்லெத் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என் கதவைத் தட்டினாள். நான் கொத்தனார் லூசியனைக் கூப்பிட்டேன். அவன் இன்னும் நாலு பேரைச் சேர்த்தான். வேன் குளத்தருகே நின்றது. அதனால் குளத்தருகே தேடுவதில் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கே தேடுவது? வருடக்கணக்காக அவன் எங்களுக்குச் சொன்ன பொய்களைத்தான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம். அர்லெத் லூசியனோடு கறுப்பு ஓடைப் பக்கம் போனாள். தொண்டை கட்டும்வரை அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

லூசியன் தேடிய லட்சணத்தையும் சொல்லவேண்டும். ஆளைத் தேடுகிறவன் மரத்தடியை ஏன் கிளறவேண்டும்? எனக்கு அப்போதே அவன்மேல் சந்தேகம்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி முக்குரோட்டிலிருந்து தகவல் வந்தது. மார்செலின் சாலையோரம் உட்கார்ந்திருந்தான், கணுக்கால் உடைந்து பூசணிபோல வீங்கியிருந்தது. பக்கத்தில் அந்த ஹாலந்து ஜோடி. எங்கள் பக்கம் ஆம்புலன்ஸாகவும் வருகிற தீயணைப்பு வண்டியில் ஏற்றும்போது அவன் என்னைப் பார்த்து, "இங்கதான் விழுந்தேன். இதே இடத்துலதான்" என்றான். யார் கேட்டார்கள்? தார் ரோட்டில் விழுந்தவன் தலைமுடியில் பெரணி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வழியாக நானே இரண்டு முறை போய்வந்திருந்தேன். நாய் வண்டியில் போகாமல் ரோட்டில் நின்றது ஏன் என்றும் யோசித்தேன்.

மறுநாள் அர்லெத் ஒரு நட்ஸ் கேக்கோடு அவர்களுக்கு நன்றி சொல்ல வந்தாள். காபி போட்டுக்கொடுத்து நானும் உட்கார்ந்தேன். ஃபெம்கே நல்ல பெண், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அவர் விழுந்து கிடந்த இடத்தைச் சொல்லமாட்டோம்னு சத்தியம் பண்ணச் சொன்னாரு. அதனால அதை மட்டும் கேட்காதீங்க" என்றாள். "சுளுக்குதான்னு சொன்னாரு, உடைஞ்சிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. நாயை இறக்கிட்டு அந்த வண்டியில உட்காரவெச்சு, அவர் சொன்னபடி ரோடுவரைக்கும் அவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தோம். கல்லுல குதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டாரே தவிர, கத்தலை."

"அப்படியா" என்றாள் அர்லெத்.

"ஒண்ணுதான் எங்களுக்குப் புரியலை. நாங்க அவரைப் பார்த்தப்ப நீங்க பக்கத்துலதான் கூப்பிட்டுட்டு இருந்தீங்க. ஷூர்ட் உங்களைக் கூப்பிட வாயைத் திறந்தாரு. உங்க வீட்டுக்காரர் எட்டி அவர் வாயைப் பொத்திட்டாரு. 'அது என் பொண்டாட்டி, போயிடுவா'ன்னு சொன்னாரு. எதுக்கு?"

ஷூர்ட் அவளை முழங்கையால் இடித்தான். இடித்து என்ன செய்ய, சொல்லியாகிவிட்டது. அர்லெத் கேக்கை வெட்டி எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மருத்துவமனைக்குப் போய் அவனுடைய அடுத்த கணுக்காலையும் உடைத்திருப்பேன்.

அவன் வீடு திரும்பிய அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கூட லூசியன் இருந்தான்ல."

"கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு. அவன் உன் பின்னாடியே வந்துட்டு இருந்தான், அர்லெத். நான் வாயைத் திறந்திருந்தா இடம் போயிருக்கும்."

பிறகு அவள் அவனுக்குச் சூப்பு ஊற்றிவைக்கும் சத்தம் கேட்டது.

கல்லிலும் பள்ளத்திலும் இழுத்து வந்ததில் எலும்பு விலகிவிட்டது, கால் இனி சரியாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கைத்தடியோடு வாசல்வரை வருவான். காடு அவனுக்கு முடிந்துபோனது. குளிர்காலம் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து, லூசியன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்தபடியே இருந்தான். அந்த ஹாலந்துக்காரர்கள் ஊரில் போய் யாரிடம் சொன்னார்களோ என்று வேறு கவலை. அர்லெத் சமைத்தாள், காலுக்குத் தைலம் தேய்த்தாள், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவளாக ஒன்றும் பேசவில்லை.

மார்ச் மாதம் அவள் பேட்டரி வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினாள். பின்சக்கரத்துக்கு இரண்டு பைகளும் வாங்கி மாட்டினாள்.

"அது எதுக்கு உனக்கு?" என்று மார்செலின் கேட்டதாகவும், "துணி வைக்க" என்று அவள் சொன்னதாகவும் என்னிடம் அவனே சொன்னான். "ஏதோ திட்டம் போடுறா ஜினெத். எனக்கு இது சரியாப் படலை."

மே மாதத்தில் ஃபெம்கேயும் ஷூர்ட்டும் மறுபடி வந்தார்கள். இரண்டு நாள் கழித்து அர்லெத் அவர்களோடு கிளம்பினாள். காட்டுப் பாதைகள் வழியாகவே லுவார் ஆறுவரை போவதாக ஏற்பாடு. இரவு எங்கே தங்குவார்கள், எப்போது திரும்புவாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மார்செலின் வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றான். நான் என் வீட்டு வெளிக்கதவருகே நின்றேன். எதிர்வீட்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்த லூசியன் கரண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"சூப்பு ஃப்ரிட்ஜுல இருக்கு, சுடவெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் பெடலை மிதித்தாள். ஹாலந்துக்காரர்கள் முன்னால் போக, அவள் சற்றே தள்ளாடிக்கொண்டு பின்னால் போனாள். மார்செலினின் முகம் கோணிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை.

"அர்லெத்!" என்று கத்தினான். "கறுப்பு ஓடைக்கு மேல! இடி விழுந்த பீச் மரத்துக்குப் பின்னாடி, பாறைக்கு அந்தப் பக்கச் சரிவு! கேட்குதா? பாறைக்கு அந்தப் பக்கம்!"

தெரு முழுக்கக் கேட்டது. லூசியனின் கரண்டியிலிருந்து சாந்து வழிந்து அவன் செருப்பின்மேல் விழுந்தது, அவன் கவனிக்கவில்லை. மார்செலின் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அர்லெத் பிரேக் பிடித்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலைத் தூக்கி, மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

"அவளுக்குக் கேட்டிருக்காது" என்றான் மார்செலின். "காத்து எதிர்ப்பக்கமா அடிக்குது. கேட்டிருக்காதுதானே, ஜினெத்?"

பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

"கேட்டுச்சு மார்செலின்" என்றேன். "கேட்டுட்டுத்தான் போனா."