அக்கா சொன்ன ஊர்

என் மூத்த மகளை அக்கா குளிப்பாட்டும்போது நான் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மலாயாவில், லுக்குட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அலுவலக எழுத்தராக, நான் இருந்த காலம் அது. வீட்டுப் பின்கட்டில் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். பிள்ளை வீறிடும். எட்டிப் பார்த்தால், "அழுதா ஒண்ணும் ஆவாதுங்க கிராணி ஐயா, நீங்க ஆபீஸுக்குப் போங்க" என்று விரட்டுவாள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் தனியாக இருந்த பால்வெட்டுக்காரி, ரப்பர் மரம் சீவுகிறவள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். என் மனைவி அவளை அக்கா என்றாள், நானும் அப்படியே அழைத்தேன்.

தோட்டத்தில் ரப்பருக்கு முன்பு காப்பி போட்டிருந்த காலத்திலேயே, இதே லயத்தில்தான் பிறந்தேன் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பிறகு எனக்குத் தெரியாது என்று நான் நழுவிவிடக் கூடாதே என்றுதான் இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இங்கேயே பிறந்தவர்களை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்றார் எங்கள் துரை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டு எழுதினேன். அக்காவின் முறை வந்தது. "துறையூருக்குப் பக்கத்துலங்க" என்றாள். அது அவள் புருஷன் ஊர். அந்த மண்ணை அவள் மிதித்ததே இல்லை. பேனா ஒரு கணம் நின்றது. வரிசை நீண்டிருந்தது, துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுதிவிட்டேன்.

கப்பலேற வேண்டியவர்களின் பட்டியலை வாசித்த அன்று வீட்டுக்கு ஓடிவந்தாள். "நான் எங்கங்க போறது? கப்பல தூரத்துலகூடப் பாத்ததில்லயே!"

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று நான் அவள்மேலேயே பாய்ந்தேன்.

"கட்டிக்கிட்டு வந்தவளுக்கு வேற ஊரு ஏதுங்க? அவரு ஊர வுட்டுட்டு அப்பன் இருந்த எடத்தச் சொன்னா சனம் சிரிக்காதா?"

அவளைச் சொல்லி என்ன பயன்? இதே நாட்டில், தெமியாங்கில் பிறந்த நானே, யார் கேட்டாலும் அப்பாவின் ஊரான யாழ்ப்பாணம் என்றுதான் சொல்வேன். துரையிடம் போய் நின்றேன். பிறப்புப் பத்திரம் உண்டா என்றார். காப்பிக் காலத்தில் லயத்துப் பிறப்பை யார் எழுதிவைத்தார்கள்? பிரசவம் பார்த்தவளும் செத்துப்போயிருந்தாள். நான் எழுதிய வரி ஒன்றுதான் சாட்சியாக இருந்தது, அதுவும் அவளுக்கு எதிராக.

அதே வருஷம் ஆபீஸுக்கு வந்த பத்திரிகையில் ஒரு செய்தி படித்திருந்தேன். ஐரோப்பாவில் பல தேசத்தார் கூடி, நாடில்லாத மனிதர் என்று எவரும் இருக்கலாகாது என்றும், கல்யாணத்தால் ஒரு பெண் தன் நாட்டை இழக்கலாமா என்றும் வாதாடினார்களாம். நுனிப்புல் மேய்ந்துவிட்டு மடித்துவைத்தேன். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் விவகாரம் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நண்பர்கள் தேற்றுவார்கள். அம்புக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்ததே! இன்றும் எந்தப் படிவத்திலாவது 'ஊர்' என்ற கட்டத்தைக் கண்டால் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

அக்கா கப்பலேறிப் போன சில மாதங்களில், யாரையோ கொண்டு அவள் எழுதுவித்த கடிதம் வந்தது. கொழுந்தன்மார் அவளை வாசலிலேயே நிறுத்தி, "எங்கண்ணன் பொண்டாட்டிங்கிறதுக்கு என்ன சாட்சி? நீ பொறந்த நாட்டுக்கே போ" என்றார்களாம். மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்கிறாளாம். "நான் யாருன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க ஐயா. நீங்க எழுதினா நம்புவாங்க."

அன்றே எழுதினேன். பிறந்தது இந்தத் தோட்டத்தில், வாழ்க்கைப்பட்டது இன்னாருக்கு, என் பிள்ளையை வளர்த்தவள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஆதாரமில்லாமல் தோட்டத்து முத்திரை குத்த முடியாது என்றார் பெரிய கிராணி. முத்திரை இல்லாமலேயே அவள் பெயருக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறையின்மேல் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'இந்தப் பெயரில் இவ்வூரில் யாரும் இல்லை.'