தொட்டிக்குள் பினாங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சோறு சாப்பிட்டால் பக்கிரிசாமி உடனே கையைக் கழுவமாட்டார். விரலில் ஒட்டிய கஞ்சியை ஒரு சாண் வேட்டித் துணிமேல் நிதானமாகத் தேய்ப்பார். துணியைப் பென்சிலில் சுற்றுவார். ஓரத்தை நகத்தால் நீவி ஒட்டி, அடுப்பங்கரை ஜன்னலில் வெயில் படும்படி நிறுத்திவைப்பார். முக்கால் மணி நேரத்தில் விறைத்துவிடும். பென்சிலை உருவினால் புகைபோக்கி தயார். போன வாரத்தது சண்டையில் நனைந்து தொய்ந்துபோயிருக்கும் என்பதால் வாரத்துக்கு ஒன்று வேண்டும்.

அது எம்டன் கப்பலின் நாலாவது புகைபோக்கி. உண்மையில் ஜெர்மன்காரன் கப்பலான எம்டனுக்கு மூன்றுதான். நாலாவதைப் பொய்யாகக் கட்டிக்கொண்டு, இங்கிலீஷ்காரன் கப்பலைப்போல வேஷம் போட்டு, 1914ல் ஒரு விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த ருஷ்யக் கப்பலை அது மூழ்கடித்தது. தன் பொம்மைக் கப்பலுக்கு மூன்றைத் தகரத்தில் செய்த பக்கிரிசாமி, பொய்யானது மட்டும் துணியில்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

கோலாலம்பூர் ஸ்டேஷன் யார்டில் வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் வேலை அவருக்கு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கிடைத்த வீட்டின் பின்னால் ஆறடி நீளத்தில் ஒரு சிமிட்டித் தொட்டி இருந்தது. ஒரு தலைப்பில் குழாய், மறுதலைப்பில் துணி அடைத்த ஓட்டை. ஆறு நாள் அது அவர் மனைவி பவுனம்மாளுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பினாங்கு, ஓரத்தில் சிறு படகுகளோடு.

ருஷ்யக் கப்பல் ஒரு மத்தி மீன் டின். அடியில் துளை போட்டுச் சீனிக்கட்டியால் அடைத்திருந்தார். எம்டனை நூலால் இழுத்து வந்து, ஒரு சீனப் பட்டாசைக் கொளுத்திப் போடும்போது சீனி கரைந்து டின் அமிழும். நேரம் தப்பாது. பதினொரு வருஷமாக லைன் ஆட்கள் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "இப்படித்தான் நடந்தது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பார்.

பக்கத்து வீட்டு நாகையாவுக்கு அதுதான் பொறுக்காது. "ஏம்ப்பா பக்கிரி, வாராவாரம் அதே கப்பலை முக்குறியே. அந்த ருஷ்யாக்காரனை ஒரு வாரமாச்சும் பொழைக்க விடேன்லா" என்பார். பிறகு, "இப்படித்தான் நடந்ததுங்கிறியே, நீ பார்த்தியா?"

பக்கிரிசாமி பார்க்கவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊரிலிருந்து ரயில் ஓட்டி வந்த இஞ்சின்காரர்கள் சொன்னதையும் பத்திரிகையில் வந்ததையும் கூட்டிக் கழித்துக் கட்டியதுதான் எல்லாம்.

அந்த மாதம் முக்கில் காப்பிக்கடை போட்ட பாவா, எம்டன் வந்த வருஷம் பினாங்குத் துறைமுகத்தில் சம்பான் படகு தள்ளியவர் என்பதை நாகையாதான் கண்டுபிடித்தார். "ஞாயித்துக்கிழமை பாயைக் கூட்டியாரேன். அவர் சரின்னா சரி. இல்லேன்னா தொட்டியை மூடிட்டு என்கூட வந்து சீட்டாடு" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சனிக்கிழமை பக்கிரிசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க இது, பரீட்சைக்குப் போற பிள்ளையாட்டம்?" என்றாள் பவுனம்மாள்.

"அந்தாளு தப்புன்னு சொல்லிட்டா? பதினொரு வருசமா பொய் சொன்னதாயிடுமே."

"சொன்னா திருத்திக்கிடுங்க. கப்பல் உங்களதுதானே."

பாவா வந்து கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். எம்டனைப் பார்த்தார். துணிப் புகைபோக்கியை ஒரு விரலால் தொட்டார். பிறகு ருஷ்யக் கப்பலின் பக்கம் குனிந்தார். அதன் முன்னும் பின்னும் நூல் கட்டி, இரண்டு ஆணியில் இறுக்கியிருந்தது.

"இது என்ன தம்பி, ரெண்டு பக்கமும் கட்டியிருக்கீங்க?"

"நிக்கிற வண்டியாச்சே, பாய். முன்னாலயும் பின்னாலயும் கட்டை கொடுக்காட்டி உருண்டுடாதா?"

"உருளுறதுக்கு அது என்ன கூட்ஸ் வண்டியா? நங்கூரத்துல நிக்கிற கப்பலுக்கு மூக்குல ஒரு சங்கிலிதான். ஓதம் ஏறுனா ஒரு பக்கம் திரும்பும், வத்துனா மறுபக்கம் திரும்பும். அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு நிக்கும்."

நாகையா தொண்டையைச் செருமினார். சுற்றி நின்றவர்கள் பக்கிரிசாமியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கை தன்னால் இடுப்புத் துண்டைத் தடவியது. யார்டில் இருபது வருஷம் வண்டிக்குக் கட்டை கொடுத்த கை, கடலிலும் கொடுத்துவிட்டது. அவ்வளவுதானே என்று ஒரு கணம் தோன்றியது. தப்பு எங்கே என்று தெரிந்ததில் நெஞ்சு லேசானதுபோலக்கூட இருந்தது.

"மத்ததெல்லாம், பாய்?"

"மத்ததுக்கு என்ன. தண்ணிதான் செத்துக் கிடக்கு."

பக்கிரிசாமி பின்பக்கத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மறுதலைப்பிலிருந்த துணியை உருவிவிட்டு, குழாயை முழுக்கத் திறந்தார். தண்ணீர் தொட்டியின் நீளத்துக்கு ஓடத் தொடங்கியது. மத்தி டின் தயங்கியது, பிறகு யாரோ கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பி, மூக்கை ஓட்டத்துக்குக் கொடுத்து நின்றது. ஓரத்தில் கட்டியிருந்த சிறு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. யாரும் தொடவில்லை.

பாவா வாளியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்பச் சரி. இழுங்க உங்க எம்டனை."

நாகையா பட்டாசுக்கு நெருப்புக் கொடுத்தார். "பொழைச்சே போ, பக்கிரி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. பாவா ஒரு தூக்கு நிறையக் காப்பி கொண்டுவருவார். பக்கிரிசாமி குழாயைத் திறப்பார். அவர் ரிட்டையராகிக் கிள்ளானுக்குக் குடிபோகும்வரை பினாங்கில் ஓதம் ஓடியது.

கிள்ளானுக்கு ஒருமுறை பார்க்க வந்த நாகையாவின் மனைவி சீதாலெட்சுமி பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் பக்கிரிசாமிக்கு விஷயம் தெரிந்தது. அந்த லைனில் ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய்வழி. இவர் தொட்டிக்கு முழுக்கத் திறந்தால் மற்ற ஐந்து வீட்டிலும் சொட்டு வராது. சனிக்கிழமை சாயங்காலம் தோறும் வீடு வீடாகப் போய், "குடத்தையெல்லாம் ரொப்பி வச்சுக்கிடுங்க, காலையில பக்கிரிக்குக் கடல் வேணும்" என்று சொல்லி வந்தவர் நாகையா.