நான் பள்ளிக்கூடம் நடத்திய வருடம்

என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு வருடம் போதவில்லை. அவளுடைய டீச்சருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. இத்தனைக்கும் நான் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் எழுத்தில் விடுபட்ட புள்ளிகளைப் பிடித்துக் கொடுத்தே சோறு தின்பவன்.

கொரோனாவில் பள்ளிக்கூடத்தோடு அச்சகமும் மூடிக் கிடந்தது. கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வரிசை வீட்டிலிருந்து மனைவி விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். வீட்டில் நானும் ஏழு வயது மகளும். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், போன் இல்லாத பிள்ளைகளுக்காகக் கைப்பட எழுதிய பயிற்சித் தாள்களைத் திங்கள்தோறும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொண்டுவந்து வைப்பார். தாய்மார் கூடையை இறக்கிவிட்டு ஆளுக்கொன்று எடுத்துப்போவார்கள். என் மனைவி கொண்டுவந்த முதல் தாளை நான் திருப்பி அனுப்பினேன், அதிலிருந்த இரண்டு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு. விரல் நோக எழுதியவர் அந்த வட்டங்களைப் பார்த்திருப்பார் என்பது இப்போது உறைக்கிறது. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

'பட்டம், பம்பரம்' என்று எழுத்துக்கூட்டுவதெல்லாம் என் மகளுக்கு எதற்கு? நான் கதைப் புத்தகத்தை வாசிப்பேன், அவள் பின்னால் சொல்வாள். தகரக் கூரையில் ஆனி மழை அடித்தபோது கத்திக் கத்தி வாசித்தோம். மார்கழியில் ஒரே கம்பளிக்குள் முடங்கி வாசித்தோம். வருடக் கடைசியில் ஐந்து புத்தகங்களை, விரலை வரிமேல் ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு அவளே தனியாக வாசித்தாள். பக்கத்தை மட்டும் சில நேரம் ஒரு வரி முந்திப் புரட்டுவாள்.

"இவ படத்தப் பாத்துத்தான் சொல்றாளோன்னு இருக்குங்க" என்றாள் மனைவி.

கண் வாயை முந்துகிறது, அதுதான் வேகம் என்று நான் விளக்கினேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் கரும்பலகையில் புதிதாக ஒரு வரி எழுதி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா ஒரு தடவ வாசிச்சா நான் சொல்லிருவேன் டீச்சர்" என்றாளாம். வகுப்பு சிரித்திருக்கிறது. இனிப் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, குழந்தையின் கற்பனையை மிரட்டி முடக்கும் ஆசிரியத்தனம் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். டீச்சர் தலை நிமிராமல் பிள்ளைகளின் வரவு இடாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எங்கள் வாசலில் வந்து நின்று, மகளைக் கையோடு கூட்டிப்போனதும் அவர்தான். பள்ளி விட்ட பிறகு, தான் வீட்டுக்குப் போகும் வழக்கமான பஸ்ஸைப் போகவிட்டு, நாலு மாதம் உட்கார்த்திவைத்து எழுத்துக்கூட்டப் பழக்கினார். நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதற்குள் அவர் உடப்புசல்லாவைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

போன மாதம் நுவரெலியா பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மகள் இப்போது நான் ஒளித்து வைப்பதையும் சேர்த்து வாசிக்கிறாள் என்றேன். பிறகு, வருடக்கணக்காக மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்: அத்தனை பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்திவிட்டேன் என்று.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அத விடுங்க சார். நீங்க பேசின தமிழ் அங்க ஒருத்தருக்கும் வெளங்கல. என்னையப் பாராட்டுறீங்கன்னு நெனச்சு, கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் வந்து சந்தோசம் டீச்சர்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு மட்டுந்தான் வெளங்குச்சு."