ஏழால் பிரியும்

என் அக்காவுக்கு நகைப் பைத்தியம் கிடையாது, எண் பைத்தியம். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அவர் படித்த பழைய கணக்குப் புத்தகத்தை, சுங்கை பினாங் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தே அவள் கரைத்துக் குடித்துவிட்டாள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்கள்தான் அவளுக்கு உயிர்.

ஒருநாள் சிலேட்டும் கையுமாக ஓடிவந்து, "பத்தாயிரத்து ஏழு எதாலயும் பிரியாதுடி!" என்றாள். அத்தனை எண்ணாலும் வகுத்துப் பார்த்தாயா என்று வாயைப் பிளந்தேன்.

"நூறுக்கு மேல போகவே வேணாம். நூறுக்கு மேல ஒண்ணு அதைப் பிரிச்சா, கூடப் பெருக்குறது நூறுக்குள்ளதான் இருக்கணும். அதைத்தான் முன்னாடியே பார்த்தாச்சே. நூறுக்குள்ளயும் பகா எண்களை மட்டும் பார்த்தா போதும்."

மறுநாள் பத்தாயிரத்து ஒன்பதும் பகா எண் என்று கண்டுபிடித்தாள். நடுவில் ஒரே ஒரு இரட்டை எண், இரண்டு பக்கமும் பகா எண்! அந்தச் சந்தோஷத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள். நாங்கள் அப்படியே விழுங்கினோம்.

வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தவள், மாப்பிள்ளை கணக்கு வாத்தியார் என்றதும் தலையாட்டிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு மேலே படிக்கலாம் என்றும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பரிசம் போட மாப்பிள்ளையும் வந்திருந்தார். அவருடைய தாய்மாமன் வெற்றிலைத் தட்டை நீட்டி, சபைக்கே கேட்கும்படி, "ஆயிரத்தொரு வெத்தலை! நாங்க ஒண்ணு கூட்டித்தான் வைப்போம். ஆயிரத்தொண்ணை யாராலயும் பிரிக்க முடியாது. நம்ம சம்பந்தமும் அப்படித்தான்லா" என்றார்.

கதவோரம் நின்ற அக்கா, "ஏழால பிரியும்" என்றாள்.

வாய் தவறி வந்ததுதான். அவள் காதில் சம்பந்தம் விழவில்லை, எண் மட்டும்தான் விழுந்தது.

"நல்ல நேரத்துல பிரியும்னு சொல்லிட்டாளே பொண்ணு!" மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார்.

என் வயிற்றெரிச்சல் மாமன் மேல் அல்ல. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது, நான் பார்த்தேன். "பொண்ணு சொன்னது கணக்கு, மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். பாவி மனுஷன், மாமன் செருப்பை மாட்டியதும் தானும் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு வாய்த்துடுக்கு என்று ஊரெல்லாம் பேச்சானது. அப்புறம் வரன் எதுவும் வரவில்லை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சிலேட்டை மட்டும் அதன்பிறகு அவள் கையில் பார்க்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து, பேச்சுக் கொடுக்கலாமே என்று, "தொண்ணூத்தொண்ணு பகா எண்ணாக்கா?" என்று கேட்டேன். அது ஏழால் பிரியும் என்று எனக்கே தெரியும். அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள்.

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"பிரியாதுன்னே வச்சுக்கோ" என்றாள்.