பின்னங்கால் பால்பாண்டி

எழுமலைத் திருவிழாவில் ஒரு மாடு இரண்டாகப் பிரிந்ததாகவும், பின்பாதி மட்டும் தனியாக பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டதாகவும் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு உசிலம்பட்டிக்கு வந்தபோது பின்பாதிக்கு ஜன்னலோர சீட் கிடைத்திருந்தது. கோரிப்பாளையம் டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோதோ, கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட்டே கிழித்துக் கொடுத்துவிட்டார். மதுரைப் பக்கம் ஒரு செய்தி இத்தனை விவரமாக வந்தால் அதில் பாதியாவது பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்று விசாரித்துக்கொண்டே போனால், வழி வாடிப்பட்டியில் பால்பாண்டி வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அந்தப் பின்பாதி அவர்தான்.

பால்பாண்டிக்கு மற்ற நாளில் சிமெண்டுக் கல் போடும் பட்டறையில் வேலை. திருவிழாக் காலம் வந்தால் மாட்டு வேஷம். மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் துணி போர்த்திய காளை அது. முன்பாதியில் மனைவி தங்கப்பொண்ணுவின் தம்பி முத்துக்குமரன். கொம்பு, மணி, பார்க்க இரண்டு ஓட்டை, கைதட்டல் எல்லாம் அவன் பக்கம். பின்பாதியில் குனிந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பால்பாண்டி. அவருக்குத் தெரிவதெல்லாம் மைத்துனனின் குதிகாலும் கொஞ்சம் ரோடும்தான். சுற்றுவட்டாரத்தில் யாரையும் அவருக்கு முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. செருப்பைக் காட்டினால் பேரைச் சொல்லிவிடுவார். ஆனாலும் அந்த இடம் அவருக்கு உயிர். பட்டறையில் எல்லோரும் அவரை "தள்ளி நில்லுப்பா" என்பார்கள். மாட்டுக்குள் இருக்கும்போது மட்டும்தான் ஊரே தள்ளி நிற்கும்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்த வழி, முழங்கால். மாட்டின் பின்னங்கால் பின்பக்கமாக மடங்கும். பால்பாண்டியின் கால், எல்லோருடைய காலையும் போல, முன்பக்கமாக மடங்கும். போன வருஷம் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து, "டேய், மாடு பேண்ட் போட்டிருக்குடா" என்று கூடவே வந்தார்கள்.

முத்துக்குமரன் பழைய தள்ளுவண்டியிலிருந்து இரண்டு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"பின்னால இதை மாட்டிரலாம் மச்சான். சக்கரத்துக்கு இடுப்பு வலிக்காது, டீ கேக்காது. பேசாமக் கூடவே வரும்."

"உதைக்குமா?"

"என்னது?"

"உன் சக்கரம் எட்டி உதைக்குமாடான்னு கேட்டேன். சக்கரம் வச்ச மாட்டை எங்கடா பாத்த? பொம்மைக் கடையிலயா?"

"உங்க காலைவிடத் தேவல. எழுமலையில ஒரே ஒருத்தன் உங்க காலைப் பாத்து மாட்டுக் காலுன்னு சொல்லட்டும். சக்கரத்தைத் தூக்கிக் கெடாசிட்டு, அடுத்த கோயில்ல நான் பின்னால நிக்கிறேன். முழு ஊர்வலமும். போதுமா?"

தங்கப்பொண்ணு முறத்தைக் கீழே வைக்காமலே சாட்சி சொன்னார்: "நான் கேட்டுக்கிட்டேன்."

வருஷக்கணக்காகக் குனிந்ததில் பால்பாண்டிக்கு இடுப்புவலி இருந்தது. கோரிப்பாளையத்தில் மீனலோசனியின் பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் ஒருமுறை போவார். நெசவு, ஜவுளி என்று இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்தில் மீனலோசனி மட்டும் எலும்புப் பக்கம் திரும்பிவிட்டார். போனில் அம்மாவிடம் சௌராஷ்டிரத்தில் வாக்குவாதம் செய்துகொண்டே, அந்தக் கோபத்தை எல்லாம் நோயாளியின் இடுப்பில் இறக்குவார். பலன் கண்கூடு.

அங்கே மூலையில் ஓர் எலும்புக்கூடு தொங்கும்.

"இவரு யாரு மேடம்?" என்று ஒருநாள் பால்பாண்டி மரியாதையாகக் கேட்டார்.

"யாருமில்லண்ணே, பிளாஸ்டிக்."

பிளாஸ்டிக் என்றதும் தைரியம் வந்து, முழங்கால் விவகாரத்தைக் கொட்டிவிட்டார். மீனலோசனி சிரித்தார்.

"மாட்டோட முழங்காலை நீங்க பாத்ததே இல்லண்ணே. அது மேல, வயித்தை ஒட்டி ஒளிஞ்சிருக்கு. பின்பக்கமா மடங்குதுங்கிறீங்களே, அது குதிகால்."

"அம்புட்டு உசரத்துலயா குதிகாலு?"

"மாடு ரெண்டு விரல் நுனியிலதான் நிக்குது. குளம்புங்கிறது நகம். ஆயுசு முழுக்க எக்கி நிக்கிற ஜீவன்."

பால்பாண்டி எழுந்து, எலும்புக்கூட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எக்கிப் பார்த்தார். கண்ணாடியில், வேட்டிக்குக் கீழே, ஒரு மாடு தெரிந்தது.

"ரொம்ப நேரம் நிக்காதீங்க, கெண்டைச் சதை பிடிச்சுக்கும். சதைக்கு இழுக்க மட்டும்தாண்ணே தெரியும், தள்ளத் தெரியாது. ஒரு பக்கம் இழுத்தா எதிர்ப் பக்கம் விட்டுக்குடுக்கணும். ரெண்டும் மல்லுக்கு நின்னா கால் கட்டை மாதிரி ஆயிரும்."

"விட்டுக்குடுக்கிற சதையா? எங்க மாமனார் வீட்ல அது யாருக்கும் கெடயாது மேடம்."

"கொஞ்சங்கொஞ்சமாப் பழகுங்க. பழகாம ஊர்வலத்துல போயிராதீங்க."

அதில் "பழகுங்க" என்பதைப் பால்பாண்டி பொன்னெனப் போற்றினார். "கொஞ்சங்கொஞ்சமா" அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எக்கியே நடந்தார். "என்னய்யா, சொந்த வீட்டுலயே திருட வந்தவன் மாதிரி நடக்குறீக?" என்றார் தங்கப்பொண்ணு. இவர் வேஷக் காலில் குதிகால் வரும் இடத்தில் பஞ்சு வைத்து முட்டி மாதிரி தைத்துக்கொண்டார்.

எழுமலையில் மேளம் அடித்ததும் மாடு கிளம்பியது. பின்னங்கால் அன்று தனி நடை நடந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. பால்பாண்டிக்கு முன்னால் ரோடு ராஜபாட்டையாக விரிந்தது, தெரிந்த அளவுக்கு.

டீக்கடை முக்கில் கெண்டைச் சதை பிடித்தது. சாதாரணப் பிடிப்பு இல்லை. இழுத்தது இழுத்ததுதான், விட மாட்டேன் என்றது. பால்பாண்டி நின்றார். முத்துக்குமரன் நிற்கவில்லை. மாடு நீண்டது. நீளவே நீண்டு, நடுவில் இரண்டு பாதித் துணியையும் சேர்த்திருந்த டிக் பட்டன்கள் படபடவென்று விட்டுப்போக, முன்பாதி மேளத்தோடு போய்விட்டது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. தன் ஆட்டத்துக்குத்தான் இத்தனை வரவேற்பு என்று நினைத்த முத்துக்குமரன், இரண்டு காலில் இன்னும் துள்ளித் துள்ளிப் போனான்.

பின்பாதி நடுரோட்டில். வலி தாங்காமல் பால்பாண்டி பிடித்த காலை உதறினார். உதறியது பின்பக்கமாக. டீக்கடை ஸ்டூல் ஒன்று வாய்க்காலுக்குப் போயிற்று.

"ஒதுங்குங்கய்யா, உதைக்கிது!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் மலைச்சாமி. சின்ன வயதிலிருந்து மாட்டோடு கிடக்கிறவர்; அன்று சாயங்காலத்திலிருந்து பாட்டிலோடும் கிடந்தவர். பின்பாதியின் புட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ஹோ... ஹோ... ஒண்ணுமில்லடா" என்று சமாதானம் சொன்னார். லாடம் அடிக்கத் தூக்குவதுபோல் காலைத் தூக்கித் தொடையிடுக்கில் வைத்து, குளம்பைப் பிடித்து முன்பக்கமாக ஓர் அமுக்கு அமுக்கினார்.

சதை விட்டது. உள்ளே பால்பாண்டி ஆனந்தத்தில் முனகினார். அதுவும் மாட்டுக் குரலில்தான் வந்தது.

"நல்ல காலு," என்றார் மலைச்சாமி கூட்டத்தைப் பார்த்து. "அசல் மாட்டுக் காலு. முன்னாடி என்னாச்சுன்னுதான் தெரியல."

உலகத்தில் அதைவிடப் பெரிய சான்றிதழ் பால்பாண்டிக்கு வேண்டியிருக்கவில்லை. துணிக்குள் கண் தெரியாமல், மேளச் சத்தத்தை வைத்து முன்பாதியைத் தேடிப் போனார். சத்தம் சுவரில் மோதித் திரும்பியதில் திசை மாறி, நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் படிக்கட்டில் முட்டினார். "எங்க போகணும்?" என்று கண்டக்டர் கேட்டது உண்மை. பஸ் ஏறியது, ஜன்னலோர சீட்டு, அரை டிக்கெட்டு எல்லாம் பொய்.

சக்கரங்கள் இப்போது தங்கப்பொண்ணுவின் தண்ணீர் டிரம்முக்குக் கீழே ஓடுகின்றன. எழுமலைக்காரர்கள் அடுத்த வருஷத்துக்கும் சொல்லிவிட்டார்கள். மாடு பிரிவதை அதே முக்கில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். பால்பாண்டி மீனலோசனி சொன்னபடி ஒழுங்காகப் பழகுகிறார்.

முத்துக்குமரன் பின்னால் நிற்க வேண்டிய அந்த ஒரு ஊர்வலம் மட்டும் நிலுவையில் நிற்கிறது. முதல் கோயிலில் குனிந்தால் தலை சுற்றும் என்றான். அடுத்ததில், சொன்னவர் மப்பில் இருந்தார், செல்லாது என்றான். அதற்கடுத்ததில் கொம்பு வேறு யார் தலைக்கும் பொருந்தாது என்று அளந்தே காட்டினான். ஒவ்வொரு ஊரிலும், மேளம் தொடங்கும் முன், துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது.

"மாப்ள, பாக்கி நிக்கிதுடா."

முன்னாலிருந்து மணியை மட்டும் ஆட்டுகிறான்.